அசோகர் கல்வெட்டுகளில் அடக்கமும் அருளும் அமைதியும்

ஊர்ஜயந்தகிரி எனப் போற்றப்படும் கிர்நார் மலை, இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ நேமிநாத சுவாமி முத்தியெய்திய திருத்தலமாகும். வாழ்நாளில் ஒருமுறையேனும் அம்மலையேறி வழிபட வேண்டும் என்பது தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் விருப்பம். ஜூனாகத் நகரிலிருந்து மலையடிவாரத்திற்குச் செல்லும் வழியில், ஒரு கட்டடத்திற்குள் பெரும்பாறை ஒன்று காக்கப்பட்டு வருகிறது. பொழுது விடிவதற்குள் படியேறத் தொடங்கிவிட வேண்டும் என்னும் விரைவில் யாத்திரிகர் பலர் அதனைக் கடந்து சென்றுவிடுவர்.

அப்பாறையில் மூன்று காலத்து எழுத்துகள் உள்ளன. கி.பி. 150 அளவில் உருத்திரதாமன் என்னும் அரசன் வெட்டுவித்த வடமொழிச் சாசனம் ஒன்று, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கந்தகுப்தன் காலத்தில் பொறிக்கப்பட்டது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் மூத்தவை, மௌரியப் பேரரசர் அசோகரின் பதினான்கு சாசனங்கள். அசோகர் பௌத்தர். அவர் பொறித்த சொற்கள் சமணரின் புனித மலைக்குச் செல்லும் வழியில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அச்சொற்களுள் சில, ஜினாலயத்தில் நாள்தோறும் ஒலிக்கும் சொற்களாகவே இருப்பதுதான் வியப்பு.

மௌரியர் குடும்பமும் சமயங்களும்

அசோகரின் பாட்டனார் சந்திரகுப்தர், பத்திரபாகு முனிவரைப் பின்பற்றித் தென்னாடு போந்து, சிரவணபெளகுளத்தில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தார் என்பது சமண மரபு. கிர்நார்ப் பாறையிலுள்ள உருத்திரதாமன் சாசனமும், அங்கிருந்த சுதர்சன ஏரியைச் சந்திரகுப்தரின் ஆளுநர் அமைத்தார் என்றும், அசோகர் காலத்தில் அதற்குக் கால்வாய்கள் அமைக்கப்பட்டன என்றும் கூறுகிறது. தந்தை பிந்துசாரர் ஆசீவகரை ஆதரித்தார் என்று பௌத்தக் கதைகள் கூறும். பேரன் சம்பிரதி சமண அறம் பரப்பியவர் எனச் சமண நூல்கள் போற்றும். ஒரே அரச குடும்பத்தில் தலைமுறைக்கொரு சமயம் விளங்கியதாக மரபுகள் உரைக்கின்றன.

அசோகரின் சாசனங்களில் பேசப்படும் உயிரிரக்கத்தைக் கண்டு, அவரும் தொடக்கத்தில் சமணரே என்று 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் தாமஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் நூலெழுதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. இராசத்தானத்தில் பைராட் என்னுமிடத்தில் கிடைத்த சாசனத்தில் புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றினிடத்தும் தமக்குள்ள பற்றினை அசோகரே வெளிப்படையாக அறிவிக்கிறார். எனவே அவரைச் சமணர் என்று உரிமை கொண்டாட வேண்டுவதில்லை. வேறொரு நெறியைச் சார்ந்து நின்றவர் இந்நெறியின் சொற்களையும் பேசினார் என்பதிலேயே அவரது பெருமையும் அச்சொற்களின் பெருமையும் அடங்கியுள்ளன.

வென்றவன் வருந்திய போர்

அசோகர் ஏறத்தாழக் கி.மு. 268இல் முடி சூடினார். எட்டு ஆண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தின்மீது படையெடுத்து வென்றார். அப்போரில் ஒன்றரை இலட்சம் பேர் நாடு பெயர்க்கப்பட்டனர். ஓரிலட்சம் பேர் களத்தில் மடிந்தனர். அதனினும் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர் என்று பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கூறுகிறது. இக்கணக்கைச் சொல்பவர் தோற்றவர் அல்லர். வென்ற அரசரே சொல்கிறார். வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்திகள் உலகில் எண்ணிறந்தன. வெற்றியை எண்ணி வருந்தும் மெய்க்கீர்த்தி காண்பதற்கரிது.

போரில் மடிந்தவர்க்காக மட்டும் அவர் வருந்தவில்லை. பெரியோரையும் பெற்றோரையும் ஆசிரியரையும் பேணி, நண்பரிடத்தும் ஏவலரிடத்தும் அன்புடன் ஒழுகிய நல்லோர் கலிங்கத்தில் வாழ்ந்தனர் என்றும், அவர்களும் அவர்களுடைய அன்பிற்குரியோரும் துன்புற்றதே தமக்குப் பெருந்துயர் தருவது என்றும் அவர் உரைக்கிறார். பகைவர் எனக் கருதிப் படையெடுத்த நாட்டில் அறவோரைக் கண்டதே அவரது மனமாற்றத்தின் தொடக்கம் எனலாம்.

அச்சாசனம் கிர்நாரில் ஓரளவு சிதைந்துள்ளது. எனினும் மூன்று சொற்கள் இன்றும் தெளிவாக நிற்கின்றன: சயமம், சமசரியம், மாதவம். எல்லா உயிர்களும் ஊறுபடாதிருத்தல், தன்னடக்கம், நடுவுநிலை, மென்மை ஆகியவற்றையே தாம் விரும்புவதாக அரசர் கூறுமிடத்தில் இவை வருகின்றன. பிராகிருதத்தில் 'சயமம்' என்பது வடமொழியில் சம்யமம். 'மாதவம்' என்பது மார்த்தவம். தசலட்சண பருவத்தில் உத்தம மார்த்தவம், உத்தம சம்யமம் என நாளுக்கொன்றாகச் சிந்திக்கப்படும் தர்மங்களுள் இரண்டு, ஒரு பௌத்த அரசரின் பாறையில் அதே பெயருடன் நிற்கின்றன. தமக்குத் தீங்கிழைத்தவரையும், பொறுக்கக்கூடிய அளவில் பொறுத்தல் வேண்டும் என்றும் அச்சாசனம் கூறுகிறது. அது க்ஷமையின் குரல்.

இராகுலனுக்கு உரைத்த அறம்

இவ்வடக்கத்தை அசோகர் எங்கே கற்றார்? பைராட் சாசனத்திலேயே அதற்கு விடை கிடைக்கிறது. பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டிய புத்தர் உரைகள் ஏழின் பெயர்களை அவர் அதில் குறித்துள்ளார். அவற்றுள் ஒன்று, பொய்யுரை பற்றி இராகுலனுக்குப் புத்தர் உரைத்தது.

இராகுலன் புத்தரின் மகன். இளமையிலேயே துறவு பூண்டவன். ஒருநாள் அவன் தங்கியிருந்த இடத்திற்குப் புத்தர் வந்தார். கால் கழுவ மகன் நீர் வைத்தான். கழுவியபின் பாத்திரத்தில் சிறிதளவே நீர் எஞ்சியிருந்தது. அதனைக் காட்டி, அறிந்தே பொய் சொல்ல நாணாதவனின் துறவு இவ்வளவு சிறிதே என்றார். பின் அந்நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், நிமிர்த்தி வெறும் பாத்திரத்தைக் காட்டினார். அத்தகையோரின் துறவும் அவ்வாறே கொட்டப்பட்டது, கவிழ்ந்தது, வெறுமையானது என்று ஒவ்வொரு நிலையிலும் உணர்த்தினார். அதன்பின், கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று வினவினார். பார்த்துக்கொள்வதற்கு என்றான் மகன். அவ்வாறே, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்வனவற்றைச் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்த்தல் வேண்டும் என்பது தந்தை தந்த பாடம். தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருவதாயின் தொடங்காதே, தொடங்கியிருந்தால் நிறுத்திவிடு, உடலாலோ சொல்லாலோ செய்து முடித்திருந்தால் ஆசிரியரிடமோ அறிவுடைய தோழரிடமோ ஒளியாமல் சொல்லி, இனிச் செய்யாமல் காத்துக்கொள் என்பது அதன் சாரம்.

மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும் காப்பதனைக் குப்தி என்றும், செய்த பிழையை ஆராய்ந்து மீள்வதனைப் பிரதிக்கிரமணம் என்றும் பயின்றோர்க்கு இப்பாடம் புதியதன்று. உயிர் உண்டா இல்லையா என்னும் தத்துவத்தில் இரு நெறிகளும் எதிரெதிர் நிற்பினும், தன்னைத் தான் காக்கும் முறையில் பெரிதும் நெருங்கியிருக்கின்றன.

இப்பாடத்தின் சாயலை அசோகரின் மூன்றாம் தூண் சாசனத்தில் காணலாம். மனிதர் தாம் செய்த நன்மையை மட்டுமே பார்த்து, இந்நன்மையைச் செய்தேன் என்று மகிழ்கின்றனர். தாம் செய்த தீமையைப் பார்ப்பதில்லை. அவ்வாறு பார்ப்பது கடினமே என்கிறார் அவர். கடுமை, கொடுமை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவை தம்மைக் கெடுத்துவிடலாகாது என்று ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்றும் கூறுகிறார். இவற்றுள் சினமும் செருக்கும், குரோதம், மானம், மாயை, லோபம் எனச் சமணர் எண்ணும் நான்கு கஷாயங்களுள் முதலிரண்டு ஆகும்.

அடுக்களையில் தொடங்கிய அருள்

அசோகரின் அருள் அவரது அரண்மனை அடுக்களையில் தொடங்கிற்று. முன்பு அங்கு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானுமாக மூன்றே கொல்லப்படுகின்றன என்றும், அம்மானும் எப்போதும் கொல்லப்படுவதில்லை என்றும், இனி இம்மூன்றும் கொல்லப்படா என்றும் முதற் பாறைச் சாசனம் கூறுகிறது. இன்னும் மூன்று எஞ்சியிருக்கின்றன என்பதை மறைக்காமல் சொன்ன நேர்மை கருதத்தக்கது. கொல்லாமையை வழிவழியாகப் பெற்றவர்க்கு அது இயல்பாக இருக்கலாம். பழகிய உணவைப் படிப்படியாக விட்டவர்க்கு ஒவ்வொரு படியும் ஒரு வெற்றி.

இரண்டாம் சாசனம் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்தமை, மூலிகைகளை வருவித்து நட்டமை, வழிநெடுகக் கிணறு தோண்டி மரம் வைத்தமை ஆகியவற்றை உரைக்கிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபர்ணி வரையிலும் இவ்வுதவி செய்யப்பட்டதாக அதில் குறிப்பு உண்டு. ஐந்தாம் தூண் சாசனம், கொல்லத்தகாத உயிர்களின் நீண்ட பட்டியலைத் தருகிறது. உயிர்கள் தங்கியுள்ள உமியை எரிக்கலாகாது. ஓர் உயிரை மற்றோர் உயிருக்கு இரையாக்கலாகாது. காரணமின்றிக் காட்டுக்குத் தீ வைக்கலாகாது என்றும் ஆணையிடுகிறது. உமியிலுள்ள சிற்றுயிரையும் எண்ணிய அந்நோக்கம் சமணர் நோக்கத்திற்கு மிக அணித்தாகும். அட்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி போன்ற நாள்களில் விலங்குகட்குச் செய்யும் சில கொடுமைகளும் தடுக்கப்பட்டன. அந்நாள்களின் தூய்மையை நோன்பிருக்கும் சமண இல்லங்கள் நன்கறியும்.

எனினும், ஆணையால் மட்டும் அறம் வளராது என்பதை அசோகர் உணர்ந்திருந்தார். விதிகளாலும் சிந்தனையாலும் அறம் வளர்கிறது. இவற்றுள் விதி சிறிது, சிந்தனையே பெரிது என்று தம் ஏழாம் தூண் சாசனத்தில், முடிசூடி இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் எழுதினார். ஆட்சியின் முதிர்வில் ஒரு பேரரசர் கண்ட உண்மை இது.

நாவைக் காத்தல்

அடக்கத்துள் எல்லாம் அரியது நாவடக்கம். திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரமும் நாகாத்தலை வலியுறுத்தும். அசோகரின் பன்னிரண்டாம் பாறைச் சாசனம் இதனைச் சமயங்களிடையே பொருத்திக் காட்டுகிறது. எல்லாச் சமயத்தாரையும் துறவியர் இல்லறத்தார் என்னும் வேறுபாடின்றிப் போற்றுவதாகக் கூறும் அரசர், கொடையினும் போற்றுதலினும் மேலானது எல்லாச் சமயங்களிலும் சாரம் வளர்வதே என்கிறார். அதற்கு வேர் யாது? 'வசிகுதி' என்கிறது கிர்நார்ப் பாறை. அதுவே சமணர் கூறும் வசன குப்தி. தன் சமயத்தின்மீதுள்ள பற்றினால் அதனைப் புகழ்ந்து பிற சமயத்தை இகழ்பவன், தன் சமயத்திற்கே பெருங்கேடு செய்கிறான். ஒருவர் அறத்தை ஒருவர் கேட்டறிதலும் இணக்கமுமே நல்லவை என்று அச்சாசனம் தொடர்கிறது. ஏழாம் பாறைச் சாசனமோ, எல்லாச் சமயத்தாரும் எங்கும் வாழலாம். ஏனெனில் அவர்கள் அனைவரும் தன்னடக்கத்தையும் பாவசுத்தியையும் விரும்புகின்றனர் என்கிறது. பாவசுத்தி என்பது உள்ளத்தின் தூய்மை. உள்ளம் தூய்மையுற்ற இடத்தில் அமைதி தானே விளையும்.

இந்நெறிக்கு முன்மாதிரி ஒன்று வினயபிடகத்தில் உண்டு. பகவான் மகாவீரரின் நகராகிய வைசாலியில் சீகன் என்னும் படைத்தலைவன் நிர்க்கிரந்தரின் சிராவகனாக இருந்தவன்; பின்னர்ப் புத்தரைச் சார்ந்தான். அப்போது புத்தர் அவனுக்கு உரைத்தது யாது? உன் வீடு நெடுங்காலமாக நிர்க்கிரந்தர்க்கு நீரூற்றுப் போன்றது. அவர்கள் வரும்போது ஆகாரம் அளித்தலை நிறுத்தலாகாது என்பதே. அதே கதையில் ஊனுணவு பற்றி நிர்க்கிரந்தர் எழுப்பிய எதிர்ப்பும் பதிவாகியுள்ளது. தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனை ஏற்கலாம் என்று பௌத்தம் விதித்தது. சமணம் அதனை ஏற்கவேயில்லை. கொள்கை வேறுபாடு அப்படியே நின்றது. கதவு மட்டும் அடைபடவில்லை.

சாசனங்களுக்குப் பல தலைமுறைகள் பின்னே தோன்றிய அசோகாவதானம் என்னும் பௌத்த நூல், சமயப் பகையால் அசோகர் ஆசீவகரையும் நிர்க்கிரந்தரையும் கொல்வித்ததாகக் கதை கூறும். ஆனால் அசோகர் தம் வாயால் கூறிய சான்று வேறுவிதமானது. சங்கத்தார், பிராமணர், ஆசீவகர் ஆகியோரைப் போலவே நிர்க்கிரந்தர் நலனையும் கவனிக்கத் தரும மகாமாத்திரரை அமர்த்தியதாக ஏழாம் தூண் சாசனம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பராபர் மலைக் குகைகளை ஆசீவகர்க்கு அவர் அளித்ததனை அங்குள்ள கல்வெட்டுகளே உரைக்கின்றன. பின்வந்தோர் பகையைப் புனைந்தனர். கல்லோ இணக்கத்தைக் காத்து நிற்கிறது.

குறையும் நிறையும்

அசோகரைக் குறையற்றவர் என்று கூறுதல் வரலாறாகாது. கலிங்கத்திற்காக வருந்தியவர், கலிங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காட்டுவாசிகளுக்கு அறிவுரை கூறுமிடத்து, வருந்தும் அரசனிடத்தும் தண்டிக்கும் ஆற்றல் உண்டு என எச்சரிக்கிறார். மரண தண்டனை பெற்றவர்க்கு மூன்று நாள் அவகாசம் அளித்தாரேயன்றி, அத்தண்டனையை ஒழிக்கவில்லை. கலிங்கத்திலுள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இரு பாறைகளிலும் பதின்மூன்றாம் சாசனம் வெட்டப்படவே இல்லை. தம் வருத்தத்தைத் துன்புற்றவர்முன் அவர் வைக்கவில்லை.

அதற்கு மாறாக அங்கே தம் அதிகாரிகளுக்கு இரு தனிச் சாசனங்களை வெட்டுவித்தார். மக்கள் அனைவரும் தம் குழந்தைகள் என்றும், காரணமின்றி ஒருவரும் சிறைப்படவோ துன்புறவோ கூடாது என்றும் அவற்றுள் அறிவுறுத்தினார். பொறாமை, சினம், கடுமை, அவசரம், சோம்பல், தளர்ச்சி ஆகியவை உடையவன் நீதி செய்ய இயலாது என்றும் எச்சரித்தார். ஆள்பவன் தன்னை ஆளாவிடில் ஆளப்படுவோர்க்கு அமைதி இல்லை என்பதே அதன் கருத்து. மனிதன் தன் அடக்கத்தில் எவ்வளவு முன்னேறினான் என்பதோடு, எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்பதையும் அப்பாறைகள் காட்டுகின்றன.

எதிரெதிர் இரு குன்றுகள்

தௌலிப் பாறை புவனேசுவரத்திற்குத் தெற்கே தயா ஆற்றின் அருகில் உள்ளது. அந்நகரின் மேற்கே உதயகிரிக் குன்றில் அத்திகும்பா என்னும் குகை இருக்கிறது. அங்கே கலிங்கத்தின் சமணப் பேரரசர் காரவேலரின் கல்வெட்டு பதினேழு வரிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் அக்கல்வெட்டு, பஞ்ச நமஸ்காரத்தின் முதலிரு வணக்கங்களை நினைவூட்டும். நந்த அரசன் கவர்ந்து சென்ற கலிங்க ஜினரின் திருவுருவத்தைக் காரவேலர் மகதத்திலிருந்து மீட்டு வந்த செய்தி அதில் உள்ளது. தமிழர் கூட்டணி பற்றிய குறிப்பும், பாண்டியனிடமிருந்து வந்த முத்து, மணி பற்றிய குறிப்பும் உள்ளன.

காரவேலர் கலிங்கத்தின் அரசர். அந்நாட்டை மகதம் அழித்த நினைவு அவர் காலத்தில் மறைந்திருக்க இயலாது. மகதத்தின்மீது அவரும் படையெடுத்தார். அத்தகையவர் தம் கல்வெட்டின் இறுதியில் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களுள் ஒன்று, எல்லாச் சமயத்தாரையும் போற்றுபவர் என்பது. மற்றொன்று, எல்லாத் தேவாலயங்களையும் பழுது பார்த்தவர் என்பது. சவ பாசண்ட பூசை என்னும் அத்தொடர், அசோகர் தம் பன்னிரண்டாம் சாசனத்தில் கூறியதே ஆகும். வென்ற பௌத்தரும் தோற்ற நாட்டில் எழுந்த சமணரும், சில கல் தொலைவில் இரு குன்றுகளை உடையவராய், ஒரு சொல்லில் ஒன்றுபட்டனர். பகைவன் நாட்டின் நற்சொல்லையும் தன் சொல்லாக ஏற்கும் உள்ளமே அமைதி பெற்ற உள்ளம்.

தமிழ் மண்ணில்

அசோகர் குறித்த சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் ஐயமாக இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு அதனைத் தெளிவாக்கியது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியை அளித்தான் என்பது அதன் செய்தி. துறவியர் தங்கிய குகைக்குப் பள்ளி என்று பெயர். தமிழ்ச் சமணர் இன்றும் வாழும் வட்டாரத்திற்கு அருகிலேயே, பேரரசரின் பாறையில் இடம்பெற்ற ஒரு குலத்தின் கொடை கல்லில் நிற்கிறது.

தமிழகத்தில் சமணரும் பௌத்தரும் கடுமையாக வாதிட்டனர். பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு எதிராக எழுந்தது நீலகேசி. குண்டலகேசி வாதம், அருக்கசந்திர வாதம், மொக்கல வாதம், புத்த வாதம் என நான்கு பகுதிகளில் பௌத்தக் கொள்கை அதில் மறுக்கப்படுகிறது. எனினும் மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பினை நிறைவாகக் கற்ற உழைப்பு அந்நூலில் தெரிகிறது. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காத இக்காலத்தில், அதன் கருத்துகளை அறிவதற்கு நீலகேசியும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையும் துணையாகின்றன. வாதிட்டு வென்றதாகக் கூறும் நூலே வாதிட்டவரின் குரலையும் காத்துத் தந்திருக்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியை உரையுடன் அச்சேற்றியபோது, சமண இலக்கியத்தோடு பௌத்தத்தின் ஒரு சுவடும் தமிழுக்குக் காக்கப்பட்டது.

எண்ணிக்கையில் சிறிய சமுதாயத்திற்குத் தன் நெறியைக் காக்கும் கவலை மிகுதியாக இருத்தல் இயல்பு. அக்கவலை பிறரை இகழும் சொல்லாக மாறும்போது, காக்க நினைத்ததே கெடுகிறது என்பதைக் கிர்நார்ப் பாறை எச்சரிக்கிறது. பிற நெறியை நன்கு கற்று, ஒவ்வாததனைத் தெளிவாக மறுத்து, ஒத்ததனை மகிழ்ந்து ஏற்று, வாயிலுக்கு வந்தவர்க்கு ஆகாரம் அளிக்கும் இல்லத்தில் நெறியும் நிலைக்கும், பிள்ளைகளும் அதனை அச்சமின்றிப் பற்றுவர்.

அடுத்த முறை ஊர்ஜயந்தகிரிக்குச் செல்வோர், மலையேறுமுன் அப்பாறையருகே சிறிது நேரம் நிற்கலாம். பிராமி எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, வசிகுதி என்னும் ஒரு சொல்லை மட்டும் விளக்கினாலும் போதும். நேமிநாத சுவாமியின் திருவடிகளை நோக்கி ஏறும் படிகளுக்கு அதுவும் ஒரு முதற்படியாகும்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!